நிலா ஏறிய கம்பெனி பஸ்

சேரப்பணஞ்சேரி,
மே மாதக் கடைசி ஞாயிறு.

அன்புள்ள இசைவாணிக்கு,

மஸ்கட் வெயிலில் கர்த்தர் உனக்கு நிழலாக இருப்பாராக. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீவு முடிந்து அங்கே திரும்பும், உன்னோடு வேலை செய்யும் ரஞ்சனா சிஸ்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் பிள்ளை நிலா இப்போது நன்றாக இருக்கிறாள்.

இந்த வருஷக் கத்திரி நம் ஊரை வாட்டி எடுத்துவிட்டது. பார்க்கும் இடமெல்லாம் புது லைன் வீடுகள், அறைக்கு ஏழெட்டுப் பேர். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழையதுதான். போன வாரம் அது வெடித்து, ஊரே இருண்டு புழுங்கியது. எதிரே ஃபேக்டரி மட்டும் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ரேஷன் கடை வாசலில் எல்லோரும் கூடினோம். வாடகைக்கு வந்த ஜனம் பெருகியதால்தான் லோடு தாங்கவில்லை, அறைகளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் அக்கா சத்தம் போட்டார். அப்போது எதிர் லைன் வீட்டின் தகர ஷீட் போட்ட அறையில் இருக்கும் சுகப்பிரியா எழுந்தாள். தர்மபுரிப் பெண், ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை. "எட்டுப் பேருக்கு ஒரே ஃபேனுங்கக்கா. ஏசி ஓடறது உங்க வூட்லதானே?" என்றாள். நீ அனுப்பிய பணத்தில் நாம் மாட்டிய ஏசியும் எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் மதியம், கரண்ட் இல்லாத புழுக்கத்தில், நிலாவுக்கு உடம்பு நெருப்பாகி வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இரண்டாவது ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி ஏசி பஸ் கிளம்பப் போனது. சுகப்பிரியா இறங்கி ஓடிவந்து, நிலாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிட்டாள். பின்னாலேயே நானும் ஏறினேன். "ரூட் மாத்துனா என் வேல பூடும்மா," என்றார் டிரைவர் பாபு.

"நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்கண்ணா. ஆஸ்பத்திரிக்கு வுடுங்க," என்றாள் அவள்.

அந்தப் பெண்கள் துப்பட்டாக்களைக் குடிதண்ணீரில் நனைத்து நனைத்துப் பிள்ளையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். படப்பை ஆஸ்பத்திரி சேர்வதற்குள் சூடு இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

அன்று ஃபேக்டரியில் அசெம்பிளி லைன் தாமதமாக ஓடியது. யார் காரணம் என்று சூப்பர்வைசர் கேட்டதும் சுகப்பிரியா கை தூக்கினாளாம். பாபு தப்பித்தார், அவளுக்கு வேலை போனது. பஸ்ஸில் வந்த பெண்களோடு நானும் கம்பெனிக்குப் போய்ப் பேசினேன். பார்க்கலாம் என்கிறார்கள். அவளோ என்னைக் கண்டால், "பாப்பாவுக்குக் காய்ச்சல் வுட்டுச்சாண்ணா?" என்றுதான் கேட்கிறாள். இவ்வளவு தைரியத்தை அந்த ஒல்லி உடம்பில் எங்கே வைத்திருக்கிறாளோ!

புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். லைன் வீடுகளுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தது கங்கம்மாள் அக்காதான்.

வேலை போனதைச் சுகப்பிரியா இன்னும் ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை. நீ போன் செய்யும்போது நிலாவோடு பேசி முடித்ததும் வைத்துவிடாதே, சுகப்பிரியாவிடம் கொடுக்கச் சொல். நன்றி சொன்னால் கூச்சப்பட்டு ஓடிவிடுவாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேள் இசை, நம் வீட்டுப் பெண்ணைக் கேட்பதுபோல.

உன்,
சாம்சன்