மெர்சியின் கடல் மீன்கள்

என் மெர்சிம்மா,

உன் தொட்டி மறுபடியும் ஓடுகிறது. ரெண்டு குடம் தண்ணி பிடிக்கிற அதே கண்ணாடி. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு இறால். "தண்ணி பழகட்டும்பா, அவசரப்படாதே" என்பாயே, அதனால் வெறும் கல்லையும் மணலையும் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன். கத்துக்குட்டிதான், ஆனாலும் ஒண்ணுகூடச் சாகலை.

இப்போது மாடியில் இருக்கிற அண்ணியின் விஷயம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தீனி போடச் சொல்லி அவங்ககிட்டதான் சாவியைக் கொடுத்தேன். தன் மகளைப் பெண் பார்க்க ஆள் வருதென்று நம்ம கூடத்தைத் துடைத்தவங்க, தொட்டி நாறுதென்று உன் மீன்களைச் சாக்கடையில் கொட்டி, கண்ணாடியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாங்க.

நீ வீட்டுக்கு வந்து அந்தக் காய்ந்த கண்ணாடியைத் தடவினாய். "பரவால்லபா" என்றாய். அப்புறம் நீ சரியாகச் சாப்பிடவே இல்லை. அந்த மாசமே போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? பிள்ளை இல்லாதவள், மீன்மேல உயிரையே வெச்சிருந்தா, அதுங்க செத்ததும் இவளும் போய்ட்டா என்று ஊருக்கெல்லாம் சொன்னாங்க. மீன்கள் தானாகச் செத்தது மாதிரி! அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் உன் முதல் வருஷ ஜெபம். சொந்தக்காரங்க பிள்ளைங்க எல்லாம் தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி வந்தவங்களிடம், மெர்சி நெனப்பா நாங்கதான் மறுபடி வெச்சிருக்கோம் என்று பெருமை பேசினாங்க.

நான் எழுந்தேன். "அண்ணி, பழைய மீனுங்களை எங்க கொட்டினீங்கன்னு அதையும் சொல்லுங்க."

போதகர் வேதத்தை மூடினார். அண்ணன் என் தோளைப் பிடித்து, "இன்னிக்கி எதுக்குடா இது?" என்றார்.

"இன்னிக்கிதாண்ணே."

நான் விடவில்லை. சாவி கொடுத்ததிலிருந்து சோப்புத்தூள் வரைக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நாத்தம் அடிச்சுக்கினு இருந்துச்சுப்பா, அதான் கழுவினேன்" என்று அண்ணி அழுதாங்க. சாப்பிடாமலே மாடிக்குப் போய்விட்டாங்க. நான் பிரியாணியை ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். உன்னைப் புதைத்த பிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

மெர்சி மன்னிச்சிருப்பாள் என்கிறார் அண்ணன். மன்னித்திருப்பாயா? நீ "பரவால்ல" என்றது அவங்களுக்கா, இல்லை என் முகத்தைப் பார்த்து எனக்காகவா? கேட்காமல் விட்டுவிட்டேனே.

இப்போது தெருப் பிள்ளைங்க தினமும் வந்து மீன் பார்க்கிறார்கள். நேற்று அண்ணியும் வாசல்வரை வந்து, ஒரு தரம் பார்த்துட்டுப் போறேன்பா என்று கேட்டாங்க. கதவைச் சாத்தினேன். படியிறங்குகிற சத்தம் கேட்டால் ஜன்னல் திரையையும் இழுத்துவிடுகிறேன்.

நீ மன்னிப்பதாக இருந்தால் மன்னித்துக்கொள், அது உன் இஷ்டம். ஆனால் இந்த மீன்களை நான் சாக விடமாட்டேன், அவங்க கண்ணிலும் காட்டமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இன்னும் ஆறாத,
உன் வீட்டுக்காரன்
சாமுவேல்