படத்துக்குக் கீழே ஒரு வரி

மதுரை
9-8-1936

தம்பி நல்லகாமனுக்கு,

அக்கா செல்லக்கிளி எழுதிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பதும் விடுதியுமாக எனக்குப் பொழுது போகிறது. ஊரில் அண்ணனுக்கும் மதினிக்கும் சுகம். மதினிக்கு இது ஆறாம் மாதம்.

எங்கள் தையல் டீச்சர் உன் ‘நகைமாலை’ பத்திரிகையை வாங்குகிறாள். போன வாரம் அதில் ஒரு படத்தைக் காட்டி எல்லோரும் சிரித்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். ‘கன்னக்கோல் கந்தன்’ கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டிருக்கிறான். “உங்க பக்கத்து ஆளுக மாதிரியே இல்ல?” என்று என்னைக் கேட்டாள்.

எங்கள் பக்கத்து ஆள் மாதிரி இல்லை. நம் முத்திருளன் அண்ணன் மாதிரியே இருந்தது. அலங்காநல்லூரில் மாடு கிழித்த இடது காது, அதை மறைக்க அவர் துண்டைச் சாய்த்துக் கட்டுவது, கீழுதட்டைக் கடிப்பது எல்லாம் இருந்தன. மூலையில் ‘நளன்’ என்று கையெழுத்து. அந்தப் பெயரை உனக்கு எந்தக் கோயிலில் வைத்தார்கள்?

நம் ஆட்களையெல்லாம் பிறவித் திருடர் என்று எழுதிவைத்த அந்தக் கைரேகைச் சட்டம் வந்ததிலிருந்து அண்ணன் பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் படுத்து, விடிந்துதான் வீட்டுக்கு வருகிறார். நம் ஊர் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான். அவர் மேல் ஒரு வழக்குக்கூட இருந்ததில்லை. மதினிக்கு முதல் பேறு நடந்தபோதும் அவர் அங்கேதான் படுத்திருந்தார். மருத்துவச்சியைக் கூப்பிட ஆள் இல்லாமல் அந்தப் பிள்ளை போய்விட்டது. இந்தப் பேறுக்காவது வீட்டில் இருக்கவேண்டும் என்று, ரிஜிஸ்தரிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். நன்னடத்தை உள்ளவர்களுக்கு நீக்குவது உண்டாம். ஐப்பசியில் விசாரணை.

விசாரிக்கிற அதிகாரி வீட்டுக்கும் ‘நகைமாலை’ வரும். அந்தப் படத்தை நிறுத்து.

உன் அக்கா
செல்லக்கிளி


சென்னை
14-8-1936

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பிரித்த கையோடு கன்னத்தில் இரண்டு அறை வாங்கின மாதிரி இருந்தது. மதினியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நான் வேண்டுமென்று அண்ணனைப் போடவில்லை. வியாழக்கிழமைக்குள் ஒரு படம் கொடுத்தாகவேண்டும். அவசரத்தில் கை தனக்குப் பழகிய முகத்தைத்தான் போடுகிறது. கந்தன் என்ற ஆளே ஆசிரியர் யோசித்தது. வாசகர்கள் அவனை விடமாட்டேன் என்கிறார்கள். நான் வக்கீலை வரைகிறேன், மைனரை வரைகிறேன், ஜரிகைத் தலைப்பாகை ராவ்பகதூரை வரைகிறேன். அவர்களும் சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள். ஒரு ராவ்பகதூர் என் படத்தின் அசலைக் கேட்டு வாங்கிப்போய்க் கூடத்தில் மாட்டியிருக்கிறார். ஹாஸ்யம் என்றால் எல்லோர் மேலும் கொஞ்சம் படத்தான் செய்யும்.

பெயரைப் பற்றிக் கேட்டாய். நல்லகாமன் என்றால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் மேஜையில் இருக்கிற கடிகாரத்தை எடுத்து உள்ளே வைப்பார்கள். உனக்குத் தெரியாததா?

உன் தம்பி
காமன்


மதுரை
19-8-1936

தம்பிக்கு,

எனக்குத் தெரியும். இங்கே விடுதியில் ஒரு வளையல் தொலைந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் நான் செல்லக்கிளி என்றுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

ராவ்பகதூர் சிரித்தால் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிப்பார். உன் படத்தைப் பார்த்துவிட்டு அவரை யாரும் கூப்பிட்டு ஸ்டேஷன் முற்றத்தில் படுக்க வைக்கப் போவதில்லை. அவர் மேலும் பட்டது, அண்ணன் மேலும் பட்டது என்று இரண்டையும் ஒரு தட்டில் வைக்கிறாயே, உனக்கே சரியாகத் தோன்றுகிறதா? கடிகாரத்தை உள்ளே வைப்பார்கள் என்று பயப்படுகிறாய். அப்படி வைக்கச் சொல்லி அவர்களுக்கு வாரம் ஒருதரம் படம் போட்டுக் காட்டுகிறவன் நீதான்.

எனக்குக் கோபம் வந்தால் எழுத்து கோணும். கோணியிருந்தால் அப்படியே படி.

உன் ஆசிரியரிடம் ஒரு வாக்கியம் சொல். ‘இது என் அண்ணன் முகம். அவர் திருடர் இல்லை.’ இதைச் சொல்ல உனக்கு வாய் வராவிட்டால், கை இருக்கிறதே, அந்தப் பேனாவை ஸ்டேஷன் பக்கமாவது திருப்பு.

செல்லக்கிளி


சென்னை
20-9-1936

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுத முகம் இல்லை.

கந்தனை நிறுத்திவிட்டேன். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனேனே, அன்றைக்குப் பார்த்த ஸ்டேஷன் முற்றம்தான். ஆட்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். போலீஸ்காரன் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் கம்பால் தொட்டு எண்ணுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு வலியோடு ஒரு பெண்பிள்ளை. நடு வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பார்த்ததும் ஆசிரியர் நன்றாயிருக்கிறது என்றார். துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்தாகிவிட்டது. நான் அனுப்புவது அதிலிருந்து எடுத்த முதல் பிரதி. கீழே வெறுமையாக இருப்பதைப் பார்த்து யோசிக்காதே. படத்துக்குரிய வரியை அச்சுக்கூடத்தில் கடைசியாகத்தான் கோப்பார்கள். நான் எழுதிக் கொடுத்திருப்பது: ‘இவர்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்டவர் யார்?’

நீ சொல்லச் சொன்ன வாக்கியத்தை இன்னும் சொல்லவில்லை. படம் வந்து நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகு சொல்கிறேன்.

உன் தம்பி
காமன்


மதுரை
28-9-1936

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பரவை வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து ஊருக்குப் போனேன். படத்தைக் காட்டினேன். அண்ணன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நின்றபடியே பார்த்தார்.

“இது நாந்தானே? காதப் பாரு, காத. பய ஒண்ணையும் மறக்கல.”

மதினி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னைய ஏன் இம்புட்டுக் குண்டாப் போட்டிருக்காரு?” என்றாள்.

“மாசமா இருக்கவள வேற எப்படிப் போடுவான்? ஒல்லியாப் போட்டா நாந்தேன் சோறு போடலன்னு ஊரு சொல்லும்.”

அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அச்சுல வரட்டும் கிளி. விசாரணைக்குப் போகயில நானே தொரைகிட்டக் காட்டுறேன். எந்தம்பி பட்டணத்துல பத்திரிகையில இருக்கான்னு தெரியட்டும். நானும் ஒரு குடும்பத்துக்காரன்தான்னு தெரியட்டும்” என்றார்.

இந்தத் தடவை பேனாவை நேராகப் பிடித்திருக்கிறாய். உன்மேல் இருந்த கோபம் முழுதும் போகவில்லை. ஆனால் விடுதிக்குத் திரும்பி வரும்போது, பஸ்ஸில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

விசாரணை அக்டோபர் 26, திங்கட்கிழமை.

உன் அக்கா
செல்லக்கிளி


சென்னை
25-10-1936

அக்காவுக்கு,

அவசரமாக இந்தக் கார்டு. படம் வந்துவிட்டது. கீழ்வரியை ஆசிரியர் மாற்றிவிட்டார். கடைக்கு வந்த பிறகுதான் நானே பார்த்தேன். அதை அண்ணனிடம் காட்டவேண்டாம். விவரம் பிறகு எழுதுகிறேன்.

காமன்


மதுரை
28-10-1936

நல்லகாமனுக்கு,

உன் கார்டு நேற்று வந்தது. விசாரணை அதற்கு முந்தின நாள் முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை. நான் கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சிவனாண்டி போயிருந்தான். அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் முதல் நாளே மதுரை ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் ‘நகைமாலை’ வாங்கிவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கடைக்காரனிடம் தாளைப் புரட்டச் சொல்லிப் படத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம் காட்டியிருப்பார். போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக நேரமாகிவிட்டது, அதனால் விடுதிக்கு வராமல் போய்விட்டார்.

விசாரணையில், எதற்காகப் பெயரை நீக்கவேண்டும் என்று அதிகாரி கேட்டார். அண்ணன் மடியிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

“இது நாந்தானுங்கய்யா. அந்தா நிக்கிறது என் சம்சாரம். வரைஞ்சவன் எங்கூடப் பிறந்தவன்.”

அதிகாரி அதைக் குமாஸ்தாவிடம் தள்ளினார். குமாஸ்தா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்: ‘மதுரை ஜில்லாவாசிகள் இனிக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம்.’

அங்கே இருந்தவர்கள் சிரித்து முடிக்கும் வரைக்கும் அண்ணன் நின்றார். பிறகு, “அது எந்தம்பி எழுதினதாய்யா?” என்று கேட்டார்.

“பின்ன யாரு? அவம் பேருதான போட்டிருக்கு” என்றான் குமாஸ்தா.

“கூடப் பிறந்தவனே சொல்லிவிட்டான், நான் வேறு என்ன சொல்ல?” என்றாராம் அதிகாரி. மனுத் தள்ளுபடி. தாளைத் திருப்பித் தரவில்லை. இப்போது அது நம் ஊர் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கிறது. அண்ணன் அதன் கீழேதான் படுக்கிறார்.

வரி ஆசிரியருடையது என்பாய். படத்துக்குக் கீழே வெள்ளையாக இடம் விட்டு அதை அவர் கையில் கொடுத்தது யார்? மையும் பேனாவும் உன்னிடம் இருந்தன, எழுத்தும் தெரியும். படத்துக்குள்ளேயே உன் கையால் எழுதியிருந்தால், அதை எடுக்க அவர்கள் தகட்டையே அறுத்திருக்கவேண்டும். நீ எழுதவில்லை. எழுதினால் உன் கையெழுத்தில் அது உன் பேச்சாகிவிடும். கீழே கோத்தால் பத்திரிகையின் பேச்சு.

‘அவர் என் அண்ணன்’ என்று ஒருதரம் அந்த மனிதரிடம் சொல்லியிருந்தால், அந்த வரியை எழுத அவருக்கே கை கூசியிருக்கும். நாலு பேர் பாராட்டட்டும் என்று காத்திருந்தாய். பாராட்டினார்களா?

செல்லக்கிளி


சென்னை
6-12-1936

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

ஆசிரியரிடம் சண்டை போட்டேன். “பிளாக் பத்திரிகையின் சொத்து, வரி என் உரிமை, உமக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வரியில் ரசனை போதவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த பிளாக்கைத் திருச்சியில் ஒரு பத்திரிகை இரவல் கேட்டிருக்கிறதாம். கொடுக்கப்போகிறார்கள்.

வேலையை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். விடவில்லை.

மதினிக்குப் பேறு ஆகியிருக்கும். ஆணா, பெண்ணா? யார் சாயல்? அண்ணன் மாதிரியா, நம் அம்மா மாதிரியா? கண், நெற்றி எப்படி என்று இரண்டு வரி எழுது. இங்கே உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்க்கிறேன், ஒரு முகமும் வரமாட்டேன் என்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரலாமா?

உன் தம்பி
நல்லகாமன்


மதுரை
13-12-1936

நல்லகாமனுக்கு,

பிள்ளை பிறந்து இரண்டு வாரமாகிறது. தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள். வலி எடுத்தபோது அண்ணன் ஸ்டேஷனில் படுத்திருந்தார். சிவனாண்டி பெண்டாட்டி சின்னத்தாய் தன் கைக்குழந்தையை மதினி பக்கத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். விடிந்து வந்துதான் அண்ணன் பிள்ளையைப் பார்த்தார்.

பொங்கலுக்கு வருவதை அண்ணனிடம் கேட்டுக்கொள். வீடு அவருடையது. வரவேண்டாம் என்று சொல்லமாட்டார். “வாரேன்னா வரட்டும், கிளி. பயலுக்கு அங்க என்ன நெருக்கடியோ” என்றுதான் நேற்றும் சொன்னார். உன்னைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருக்கும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன். நீ வருகிற நாளில் நான் அங்கே இருக்கமாட்டேன்.

ஆணா, பெண்ணா, யார் சாயல், கண் எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டிருக்கிறாய்.

சொல்லமாட்டேன்.

செல்லக்கிளி