காலி கேசட்டை நீங்கள் கேட்ட வாரம்

என்மேல் கோபித்துக்கொள்ளத் தெரியாத நடராஜன் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது கம்ப்யூட்டரிலும் நடக்கிறது. கோபாலன் சார் பாங்கிலிருந்து ரிடையர் ஆனதும் ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பித்துவிட்டார். "இந்த வாரம் என்ன ஆல்பம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதுவார். டெல்லி, துபாய் என்று எங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் தமிழில் பதில் போடுகிறார்கள். எல்லாமே எழுத்து. பேச்சே கிடையாது. உங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கும்.

போன வாரம் கோபாலன் சார் உங்களைப் பற்றி எழுதினார். "எங்கள் பவானிபூர் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். காலி கேசட்டை ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்து பத்து நிமிஷம் விமரிசனம் செய்தார்" என்று. சிரித்துச் சிரித்துப் பதில்கள் வந்து குவிந்தன. அவர் கெட்ட மனிதர் இல்லை, உங்களுக்கே தெரியும். அவருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். முழுக்கதை தெரிந்த நான் அதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். அப்படிப்பட்ட ஆள் நான். அதனால் இந்த வாரக் கேள்விக்கு என் பதிலாக இந்தக் கடிதத்தையே குழுவுக்கு அனுப்பப்போகிறேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன் அண்ணா, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் நாங்கள் நாலு பேர். ஜதுபாபு பஜார் பக்கத்தில் காப்பிப்பொடி, அப்பளம் விற்கும் மணி அண்ணனின் கடை மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுவோம். அந்த வாரம் கேட்ட கேசட் எது, அதில் என்ன கண்டோம் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். உறையில் அச்சடித்திருப்பதைத் திருப்பிச் சொல்லக்கூடாது என்பது சட்டம். கோபாலன் சார் சரோத், கஸல் என்று கொண்டுவருவார். மணி அண்ணன் சினிமாப் பாட்டுத்தான், அதை மறைக்கவும் மாட்டார். எனக்கு வீணை. ஹவுராவில் ஒரு பாய்லர் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த நடராஜன் அண்ணா பெஹாலாவிலிருந்து பஸ் பிடித்து நாதஸ்வரக் கேசட்டோடு வருவார். அவர் கடைசியாகத்தான் பேசுவார், அதற்காகத்தான் மற்ற மூன்று பேரும் காத்திருப்போம்.

எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை அண்ணா. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் என் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். இங்கே மட்டும் நான் மூன்றாவது ஆள். ஒரு ஞாயிறு, பிலஹரி ராகத்தைப் பற்றி நான் மூச்சு விடாமல் பேசி முடித்ததும் நீங்கள் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு வேகமாப் பேசறியே வசந்தா, கேட்டதும் இந்த வேகத்துலதானா?" என்றீர்கள். மணி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் அதை மறந்தே போயிருப்பீர்கள். நான் வீடு வரைக்கும் அதையே மென்றுகொண்டு போனேன்.

அன்றிலிருந்து உங்களைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். நீங்கள் பேசுவதெல்லாம் இருபது வருஷப் பழைய ரெக்கார்டுகளைப் பற்றி. புதுக் கேசட் என்றால் உறையில் இருப்பதை வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள். நாங்கள் பேசும்போது பரீட்சை வைப்பவர் மாதிரி எங்கள் முகத்தையே பார்க்கிறீர்கள். கேட்காமலே பந்தா பண்ணுகிறார் என்று முடிவு கட்டினேன். வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்கு ஏன் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை?

ஒரு புதுக் கேசட் வாங்கினேன். ஒன்றும் பதிவு செய்யாத வெறும் கேசட். அட்டையில் என் நல்ல கையெழுத்தில், இல்லாத ஒரு வீணை வித்வாம்சினியின் பெயரையும் நாலு கீர்த்தனைகளையும் எழுதினேன். "கும்பகோணத்துலேருந்து சித்தி பொண்ணு அனுப்பினா அண்ணா, உங்களுக்காகத்தான் காப்பி எடுத்தேன்" என்று உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதை வேட்டி நுனியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த ஞாயிறு உங்கள் முறை வந்தது. "இந்த அம்மா வாசிப்புல அவசரமே இல்லை. அடுத்த ஸ்வரம் எப்ப வரும்னு நம்மளைக் காக்க வைக்கறாங்க. பொறுமை இல்லாதவனுக்கு இது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பொறுத்தவனுக்குத்தான் கிடைக்கும்" என்றீர்கள். இன்னும் என்னென்னவோ சொன்னீர்கள், அத்தனையும் அழகாக. மணி அண்ணன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். நான் கேசட்டை வாங்கி டேப்ரெக்கார்டரில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, பொத்தானை அழுத்தினேன்.

உஸ் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கண்ணைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்து, "என்ன?" என்றீர்கள். "கேசட் காலிண்ணா. ஒண்ணுமே இல்லை இதுல" என்றேன். "என்னம்மா?" என்றீர்கள். மறுபடியும் சொன்னேன். நீங்கள் என் உதட்டைப் பார்த்து, பக்கத்தில் குனிந்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றீர்கள். மூன்றாவது தடவை கத்தினேன். பாதிக் கத்தலில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாக்கியத்தை முடித்தேன்.

"சரிம்மா" என்றீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். "பாவம், சமாளிக்கப் பாக்கறாரு" என்றார் மணி அண்ணன். "நான்தான் கேசட்டை மாத்திக் கொடுத்துட்டேன் போலிருக்கு" என்றேன் நான். காது விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அதற்கு அடுத்த கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும் அல்லவா? உங்கள் பெயர் ரிப்பேர் ஆனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. ஆறு வருஷம். பவானிபூரிலிருந்து பெஹாலா என்ன காசியா, ராமேஸ்வரமா? ஒரே பஸ். தீபாவளிக்கு மணி அண்ணன் கையில் மைசூர்பாகு கொடுத்தனுப்பி, கடமை முடிந்தது என்று இருந்தேன். மாரடைப்பில் நீங்கள் போன செய்தி வந்து, பத்தாம் நாள்தான் முதல் முறையாக உங்கள் வீட்டு வாசலை மிதித்தேன்.

அண்ணி என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார். பத்து வருஷமாகவே உங்கள் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னார். பட்டறையில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மூச்சு விடவில்லையாம். ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தால் தவிலும் மிருதங்கமும் மட்டும் லேசாக விழுமாம்.

"நீ குடுத்த கேசட்டைப் போட்டுட்டு, ஸ்பீக்கர் மேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்" என்றார் அண்ணி. "எனக்கும் ஒண்ணும் கேக்கலையேன்னு சொல்லியிருப்பேன். ஆனா நான் சமையல்கட்டுல இருந்தேன். 'முடிஞ்சுதுடி, மிச்சம் இருந்ததும் போச்சு'ன்னார். அந்த வாரம் பூரா பெட்டியைத் தொடவே இல்லை. 'போகாதீங்க, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்'னேன். 'ஆசையா தன் கையால எழுதிக் குடுத்திருக்கா, கேக்கலைன்னா வாடிப்போயிடுவா'ன்னுட்டுப் போனார்."



"திரும்பி வந்தப்ப சிரிச்சுக்கிட்டே வந்தார். 'காலி கேசட்டாண்டி, என் காது இருக்கு'ன்னு சொல்லிட்டு நேரா போய் நாதஸ்வரத்தைப் போட்டார். தவில் கேட்டுது. அன்னிக்கு அப்படி ஒரு சந்தோஷம்." என்றார் அண்ணி. "ஆனா தானாப் போறதுக்குக் கூச்சம். அடுத்த ஞாயித்துக்கிழமைலேருந்து ஒன்பது மணிக்கே சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்துடுவார். யாராவது கூப்பிட வருவாங்கன்னு. பக்கத்து வீட்டு வங்காளி அம்மா கூட, 'தாதா எங்கே கிளம்பிட்டார்'னு கேப்பா. ரொம்ப நாள் அப்படி."

எத்தனை நாள் என்று நான் அண்ணியிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கத் துணிச்சல் இல்லை.

கேசட் விஷயம் பத்து நிமிஷக் கொழுப்பு அண்ணா. அதற்கு எப்படியாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன். நீங்கள் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிறுகளுக்கு என்ன சமாதானம்? அதே நேரத்தில் நான் அந்த மாடியில் உட்கார்ந்து, கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் இடத்தில்.

அண்ணி சொன்ன பிறகும் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. கோபாலன் சார் எழுதாமல் இருந்திருந்தால் இப்போதும் திறந்திருப்பேனா என்று எனக்கு நிச்சயம் இல்லை. அந்தக் கேசட் தவறுதலாகக் கொடுத்தது அல்ல. வேண்டுமென்றே செய்தவள் நான். சிரித்துப் பதில் போட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

இதை இப்போதே அனுப்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மணி அண்ணன் கடை மாடிக்குப் போய், யாரும் ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்னால், இதையே வாயாலும் சொல்வேன். பிறகு வர விருப்பமுள்ளவர்களை அழைத்துக்கொண்டு பெஹாலா பஸ் ஏறுவேன். ஒருவரும் வராவிட்டால் தனியாகப் போவேன். கூப்பிடுவதற்கு நீங்கள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வாசலில் நின்று, அண்ணி காதில் விழுகிற மாதிரி, "அண்ணா, கிளம்பலாமா" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

உங்களைக் கூப்பிட வராத தங்கை,
வசந்தா