நீ என்னிடம் கேட்காத கேள்வி

அன்பின் நேசன்,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உன்னை அடக்கம் செய்த அன்று, "நீங்கள்தானே பாஸ்டருக்குக் கிட்டின கூட்டாளி, ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ சேர்" என்று சபை மூப்பர் கேட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

இப்போது உன் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்கிறார்கள். தலைப்பையும் தாங்களே தந்துவிட்டார்கள்: பியூரிட்டன்களின் இறையியலும் அது கிறிஸ்தவ ஆன்மீகத்துக்குத் தந்ததும். "இதை உங்களை விட்டால் ஆர் எழுதுறது?" என்றார் மூப்பர். எத்தனையோ வருடங்களாக நான் கேட்க விரும்பிய வாக்கியம் அது. நீ செத்த பிறகுதான் என்னிடம் வந்து சேர்ந்தது.

கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பந்தி நன்றாகவே வந்தது. இங்கிலாந்தில் சபையைச் சடங்குகளிலிருந்து வேதத்தின் பக்கம் திருப்ப நினைத்த போதகர்கள். அரசனின் ஒழுங்குக்கு இணங்காமல் பிரசங்க மேடைகளை இழந்தவர்கள். சிரிப்புக்கு எதிரிகள் என்று உலகம் இன்றைக்கும் தவறாக நினைப்பவர்கள். அவர்களுடைய உண்மையான வேலை மனித இருதயத்துக்குள் நடந்தது என்று எழுதினேன். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல அவர்கள் மனச்சாட்சியைப் பிடித்துப் பார்த்தார்கள் என்று எழுதினேன். அதற்குமேல் பேனை ஓடவில்லை. அடுத்த வரியில் உன் பெயர் வர வேண்டியிருந்தது.

அவர்களை உனக்கு அறிமுகப்படுத்தியவன் நான். அது ஞாபகமிருக்கிறதா? இறையியல் கல்லூரி விடுதியில் நீ கரம் ஆட்டப் பலகையே கதியென்று கிடந்த நாட்களில், நான் அந்தத் தடித்த புத்தகங்களோடு இருந்தேன். ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாய்.

"டேய், இந்த மனுசன் ஒரு பாவத்தைப் பற்றி இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறார். செய்யக்கூட இவ்வளவு நேரம் எடுக்காதேடா!"

அறை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் நீ அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனாய். திருப்பித் தரவேயில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள நம் சின்னச் சபைக்குப் போதகர் தேவைப்பட்டபோது, நாம் இருவரும் ஆளுக்கொரு ஞாயிறு பிரசங்கித்தோம். யாரை மீட்பது என்று தேவன் முன்னமே தெரிந்துகொள்கிறார் என்ற உபதேசத்தை நான் ஒரு பிசகும் இல்லாமல் விளக்கினேன். நீ நடுவில் குறிப்பைத் தவறவிட்டு, அழுது, அழுததற்கு மன்னிப்பும் கேட்டாய். சபை உன்னை அழைத்தது. நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கப் போனேன். இன்றும் படிப்பிக்கிறேன்.

அதையாவது ஒருவாறு பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்த வழக்கம்.

பியூரிட்டன் போதகர்களில் சிலர் சபையில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் விடாமல் சந்தித்து, ஆட்களைத் தனித்தனியே இருத்தி, ஆத்துமாவின் நிலையை விசாரிப்பார்கள். இதை உனக்குச் சொன்னவனும் நான்தான். தேத்தண்ணிக் கடையில் வைத்து, ஒரு சரித்திரத் தகவலாகச் சொன்னேன். நீ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த கிழமையே சைக்கிளில் வெளிக்கிட்டாய். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் வேலை செய்கிறவர்களையும் விடவில்லை. மூதூர்ப் படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கட்டைபறிச்சானுக்கும் போனாய். வருடா வருடம், வீடு வீடாக. ஆட்களைக் கிணற்றடிக்கோ அடுப்படிக் குசினி வாசலுக்கோ தனியே கூட்டிக்கொண்டு போய் ஒரே கேள்வி: "உங்கட ஆத்துமா எப்பிடி இருக்குது?"

ஊர் சிரித்தது. ஒருவர் உன்னோடு கதைத்துவிட்டு உள்ளே வந்தால், "சோதினை எப்பிடி, பாஸா?" என்று வீட்டார் பகிடி பண்ணுவார்கள். துறைமுக வீதியில் கடை வைத்திருக்கும் கிண்ணியா காசிம் நானா உன்னைக் கண்டதும், "பாஸ்டர், ஆத்துமா சுகம், இடுப்புத்தான் நோகுது. அதுக்கும் ஒரு கேள்வி வெச்சிருக்கீங்களா?" என்பார். நீயும் நின்று அவருடைய இடுப்பை விசாரிப்பாய்.

உனக்காக நடந்த நன்றி ஆராதனையில் அந்தக் கேள்விதான் ஒவ்வொரு வாயிலிருந்தும் வந்தது. குடியால் வேலையை இழந்த அன்ரன் எழும்பி, "என்னட்ட அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கில் இருந்துவிட்டான். கட்டைபறிச்சான் லில்லி அக்கா, மகனைக் கடல் கொண்டுபோன பிறகு தான் ஜெபத்தையே விட்டிருந்ததைச் சொன்னார். நீ கேட்ட அன்று குசினி வாசலில் இருந்து கடவுளை வாய்க்கு வந்தபடி ஏசினாராம். நீ பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தாயாம். சனம் அழுதது. கடைசி வாங்கில் இருந்த நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு உன்மேல் அல்ல, அவர்கள் மேல். ஏனென்றால் நீ என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

எத்தனை தடவை என் வீட்டுக்கு வந்தாய்! என் சாய்மனைக் கதிரையில் கிடந்து கிரிக்கெட் கதைத்தாய். தேத்தண்ணி குடித்தாய். "சரி மச்சான், வாறன்" என்று எழும்பினாய். ஒவ்வொரு தடவையும் படலை வரை உன் பின்னால் வந்தேன். இப்போது கேட்பாய், இப்போது கேட்பாய் என்று. நீ சைக்கிளில் ஏறிப் போனாய்.

போன மாதம் உன் ரஞ்சியிடம், நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டே விட்டேன். புருஷனை இழந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன். உன் சட்டைகளை மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"கேக்கத்தான் அண்ணா வெளிக்கிட்டு வாறவர். ஒவ்வொரு முறையும். திரும்பி வந்து, இண்டைக்கும் ஏலாமப் போச்சு எண்டுவார்."

"ஏனாம்?"

"சொன்னால் கோவிப்பீங்கள்."

"கோவிக்கமாட்டன்."

"பொய்." இன்னொரு சட்டையை எடுத்து உதறினாள். "'அவன் சரியான பதிலைச் சொல்லிப்போடுவான் ரஞ்சி, அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?' இதுதான் சொல்லுவார்."

கோபித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வந்துவிட்டேன். இன்றும் கோபம்தான். கேட்டுப் பார்த்திருக்கலாமே, நேசன்? நான் சரியான பதிலைச் சொல்லியிருந்தால், "அது கிடக்கட்டும், இப்ப உண்மையைச் சொல்லு" என்று திருப்பிக் கேட்க உனக்கு வாய் இல்லையா? ஊரில் எல்லாரிடமும் கேட்கத் துணிந்தவனுக்குக் கூட்டாளியிடம் மட்டும் என்ன பயம்?

ஆனால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். விசுவாசம் வேறு, அது தனக்கு இருக்கிறது என்ற நிச்சயம் வேறு என்று பியூரிட்டன்கள் பிரித்துக் காட்டினார்கள். நிச்சயம் இல்லாமல் தவிக்கிறவனும் தேவனுடைய பிள்ளையாக இருக்கலாம் என்றார்கள். பின்வந்த சபைகளுக்கு அவர்கள் விட்டுச்சென்ற பெரிய ஆறுதல் அது. அதைத்தான் சொல்லியிருப்பேன், அடிக்குறிப்போடு. அவர்களுடைய வழியில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், இருதயத்தில் நடந்த மாற்றத்தைத் தன் வாயால் சொல்லாதவரைத் திருவிருந்தில் சேர்க்கத் தயங்கினார்கள் என்பதையும் சொல்லியிருப்பேன். நாம் தகுதியில்லாதவர்களோ என்ற அந்தப் பயம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது என்றும் சேர்த்திருப்பேன். நீ தலையாட்டியிருப்பாய். தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும்.

பியூரிட்டன்கள் நோயைப் பற்றி எழுதிய பக்கங்களில் நான் தங்கிவிட்டேன். மருந்தைப் பற்றி எழுதிய பக்கங்களுக்கு நீ போய்விட்டாய். உன் உள்ளத்தைப் பார் என்றார்கள். பார்த்த பிறகு கண்ணை எடுத்துக் கிறிஸ்துவின்மேல் வை என்றும் சொன்னார்கள். நான் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அங்கே முடிவே இல்லை. ஒரு நோக்கத்தைத் தூக்கினால் அதன் கீழே இன்னொன்று கிடக்கிறது.

ஆகவே இப்போது பதில் சொல்கிறேன். நீ கேட்கவில்லைதான். இருந்தாலும் கேட்டுக்கொள்.

என் ஆத்துமா சுகமாக இல்லை. அதற்கு உன்மேல் பொறாமை. உன் கண்ணீரின்மேல், அந்தத் துருப்பிடித்த சைக்கிளின்மேல், உன் சவப்பெட்டி போனபோது காசிம் நானா கடையைச் சாத்திவிட்டு வீதிக்கு வந்து நின்றதன்மேல். நான் செத்தால் பாடசாலையில் இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். பொறாமைக்காரன் வழக்காடுவது அடுத்தவனோடு அல்ல, வரத்தைக் கொடுத்தவரோடு என்று எனக்குத் தெரியும். வகுப்பெடுக்கும் அளவுக்குத் தெரியும். தெரிந்து என்ன? கதவைக் கண்டுபிடித்தவன் நான். அவர் ஏன் உன்னை உள்ளே விட்டார்? இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை, நேசன். இதற்காகத்தானே காத்திருந்தாய்?

சபைக்கு இன்னும் புதுப் போதகர் வரவில்லை. இந்த வருடம் நீ போகாமல் விட்ட வீடுகளுக்கு என்னைப் போகச் சொல்கிறார்கள். "நீங்கள்தானே இதெல்லாம் படிச்சனீங்கள், சேர்." ஏலாது என்று சொல்லியிருந்தேன். நேற்று லில்லி அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, வாறதெண்டால் வாங்கோ. பாஸ்டர் கேட்டமாதிரிக் கேக்க வேணுமெண்டு இல்ல. அவர் இருந்த கதிரை அங்கதான் கிடக்குது. சும்மா வந்து இருங்கோ."

உன் கதிரை! அங்கேயும் நீதான். ஆனாலும் போகிறேன். அடுத்த சனிக்கிழமை மூதூர்ப் படகு ஏறுவேன்; இது உனக்கு நான் தரும் வாக்கு. உன் கேள்வியை உன்னைப்போலக் கேட்க என்னால் ஏலாது. ஆனால் லில்லி அக்கா அதை என்னிடம் திருப்பிக் கேட்டால், சரியான பதிலைச் சொல்லமாட்டேன். மேலே உனக்குச் சொன்னதைத்தான் சொல்வேன்.

எழுதிய முதல் பந்தியைக் கிழித்துவிட்டேன். மலருக்கு இந்தக் கடிதம்தான் போகிறது. கட்டுரையென்றால் பட்டங்களோடு பெயரைப் போட்டிருப்பேன். இதன் கீழே போடுவதா என்று கனநேரம் யோசித்தேன். போடாமல் விடுவதைத் தாழ்மை என்று எண்ணிவிடாதே. நீ அப்படி எண்ண வேண்டும் என்ற ஆசையும் அதன் கீழே கிடக்கிறது, தூக்கிப் பார்த்துவிட்டேன். ஆர் எழுதியது என்று துறைமுக வீதி முழுவதும் எப்படியும் கண்டுபிடித்துவிடும். இருந்தாலும் நான் எழுதிய ஒன்றாவது என் பெயரைத் தூக்கிக்கொண்டு அலையாமல் போகட்டும்.

உன் கூட்டாளி என்று மட்டும் வைத்துக்கொள். இனி உறையை ஒட்டப் போகிறேன். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.