செல்லக்கண்ணு இறங்கக் கூடாது

1912 செப்டம்பர் 21, சனி

தோற்றோம். இரண்டுக்குச் சைபர். இரண்டையும் அடித்தவன் அந்தத் தேக்கா பேட்டைக்காரன். பேர் செல்லக்கண்ணு. மாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கிற தடியனுக்கு யார்தான் இந்தப் பேரை வைத்தார்களோ! வெறுங்காலோடு ஆடுகிறான். பூட்ஸ் போட்ட எங்கள் ஆட்கள் மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் பந்து அவனிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது பந்து, கோல் காத்து நின்ற என் மைத்துனன் ஹனீபாவின் கால் இடுக்கு வழியே போனது. அதோடு விட்டானா? விழுந்து கிடந்த ஹனீபாவைத் தூக்கி நிறுத்தி, பால்குடிப் பிள்ளைக்குத் தட்டுவது போலக் கன்னத்தில் தட்டிக் கொடுத்தான். மைதானமே சிரித்தது. கிடங்குத்தெருக்காரர்கள் நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டிராம் ஏறினோம்.

"என்னமா ஆடுறான் மச்சான்!" என்கிறான் ஹனீபா. வெட்கங்கெட்டவன். அடி வாங்கியவனுக்கே கோபம் வரவில்லை. எனக்கு ஏன் வருகிறது?

இது லீக் ஆட்டம்தான். அடுத்த மாதம் கோப்பைக்கான கடைசி ஆட்டமும் இவர்களோடுதான்.

செப்டம்பர் 23

கடையில் நாலு கஜம் மல் துணி கேட்டவருக்கு மூன்று கஜம் கிழித்து வைத்துவிட்டேன். முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார். எல்லாம் அவனால்.

செப்டம்பர் 26, வியாழன்

மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெலுக் ஆயர் போய், நம்மூர்க்காரர்கள் இங்கே கட்டியிருக்கும் நாகூர் தர்காவில் நேர்ந்துகொண்டேன். கடைசி ஆட்டத்தில் செல்லக்கண்ணு இறங்கக் கூடாது. இறங்காவிட்டால் ஒரு பெரிய தேக்சா நிறைய நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே நார்ஷாவாகப் பங்கிடுகிறேன்.

எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வாயில் அது வரவே இல்லை. அவன் இறங்கிவிட்டால் பிறகு எந்த துஆவும் பலிக்காது என்று தோன்றிவிட்டது. அஸ்தஃபிருல்லாஹ்! ஒரு மாட்டுக் கொட்டகைக்காரன் மேல் எனக்கு இத்தனை நம்பிக்கையா?

நெய்ச்சோறு நேர்ந்திருக்கிறேன் என்று மட்டும் மனைவி ருக்கையாவிடம் சொன்னேன். பலிக்கும் வரை எதற்கென்று வெளியே சொல்வதில்லை. அவளும் கேட்கவில்லை.

அக்டோபர் 3

என்னை அண்ணன் முறை கொண்டாடும் பக்கத்துக் கடை இப்ராஹீம் ஓடி வந்தார். "நானா, சேதி தெரியுமா? தேக்காக்காரன் படுத்துட்டான்! காய்ச்சல். ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்களாம். இனிக் கப்பு நமக்குத்தான்!"

கடை கடையாகச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் எழுத மாட்டேன். இப்ராஹீமுக்கு என் கையால் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

சாயந்திரம்தான் உறைத்தது. நான் கேட்டது அவன் ஆட வரக் கூடாது என்று. எப்படி வராமல் போவான் என்று நினைத்தேன்? ஊருக்குக் கப்பல் ஏறிவிடுவான் என்றா? ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

அக்டோபர் 7

விஷக் காய்ச்சலாம். ஆளை அடையாளம் தெரியவில்லையாம்.

அக்டோபர் 10, வியாழன்

தர்காவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

வாசலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, மடியில் சீனிப் பொட்டலம். நான் உள்ளே போகத் திரும்பியதும் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "பாய், எனக்கு ஓதத் தெரியாது. எம்மவனுக்காக நீங்க ஒரு வார்த்தை கேளுங்க. அவுலியா கைவிட மாட்டாருன்னு சொன்னாங்க. தேக்காவுலேருந்து நடந்தே வந்தேன்."

மகன் பேரைக் கேட்டேன். ஏன் கேட்டேன்? கேட்காமலே தெரிந்துவிட்டதே.

"செல்லக்கண்ணு" என்றாள். "மூணு புள்ளையப் பறிகொடுத்துட்டுப் பெத்தவன் பாய்."

அவள் பேர் முத்தாயி. உள்ளே போய்க் கையேந்தினேன். போன மாதம் நின்ற அதே இடம். கேட்க வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. பொட்டலத்தை ஓதி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டாள். கும்பிட்டாள். என்னை!

அக்டோபர் 12, சனி

ஜெயித்தோம். ஒன்றுக்குச் சைபர். கோப்பை கிடங்குத்தெருவுக்கு. தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

ஹனீபா நின்ற பக்கம் பந்தே வரவில்லை. "சும்மா நின்னு கால் வலிக்குது" என்றான். "அவன் இல்லாம இது ஒரு கப்பா மச்சான்?"

கூட்டத்தை விட்டு விலகி வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 14

ருக்கையா பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சாச்சுல்ல? அரிசி எப்ப வாங்கிட்டு வர்றீங்க? நேர்ச்சைக் கடனை வச்சுக்கிட்டிருக்கக் கூடாது."

ஜெயிப்பதற்கு நேர்ந்ததாக நினைக்கிறாள். எப்படிச் சொல்வேன்? ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, அதற்கு நன்றி என்று நெய்ச்சோறு ஆக்கச் சொல்கிறாயே என்றா? ஆக்கினால் அவனைப் படுக்கவைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஆக்காவிட்டால் கடன் நிற்கிறது. கடன் யார் தலையில் வந்து விடியும்? என் தலையிலா, அவன் தலையிலா? சாப்பாடு இறங்கவில்லை. ருக்கையா தொட்டுப் பார்த்து, உங்களுக்கும் காய்ச்சலா என்கிறாள்.

அக்டோபர் 17

பள்ளிவாசலில் அப்துல் அலீம் லெப்பையிடம், யாரோ ஒருவர் கதை போலக் கேட்டேன். ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கெட்டதை நேர்ந்து, அது பலித்துவிட்டால்?

"கெட்டதுக்கு நேர்ந்தா அது நேர்ச்சையே இல்ல. சோறும் வேணாம், ஒண்ணும் வேணாம். தவ்பா செஞ்சு ஆண்டவன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க அந்த ஆள" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஆளு கொஞ்சம் தூங்கவும் செய்யணும்" என்றார்.

வரும் வழியெல்லாம் தவ்பா செய்தேன். மனசு மட்டும் அடங்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது! பிழைத்துக்கொண்டான்! காலையில் இப்ராஹீம் சொன்னபோது கடை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தெருவெல்லாம் நெய் மணக்கிறது. எங்கள் வீட்டு முற்றத்தில் தேக்சா. தன் மகனுக்காக ஒரு பாய் தர்காவில் அழுததை முத்தாயி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அது காதுவரை வந்ததும், அடையாளத்தை வைத்து அந்தப் பாய் நான்தான் என்று பிடித்துவிட்டாள் ருக்கையா. நான் நேர்ந்தது எப்போது என்று கணக்குப் பாராமல் அவளே ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டாள். நான் நேர்ந்தது செல்லக்கண்ணு பிழைப்பதற்காம்!

"எதிராளிக்குப் போய் நேர்ந்திருக்கீங்களே, எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கண்ணைத் துடைக்கிறாள். ஹனீபா என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். முத்தாயி வேறு வந்து உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க நேந்துக்கிட்டதாலதான் எம்புள்ள பொழச்சான்."

வாயைத் திறந்தேன். அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மூடிக்கொண்டேன். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். தின்றேன்.

நவம்பர் 28

தெருவில் எனக்கு வர வர மரியாதை கூடுகிறது. தாங்க முடியவில்லை. தேக்கா பக்கம் துணி கொண்டுபோக வேலை வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

1913 மார்ச் 15, சனி

புது வருஷத்து லீக். அவன் இறங்குகிறான் என்று தெரிந்தே போனேன். இளைத்துவிட்டான், தலைமுடி குட்டையாக நிற்கிறது. ஆட்டம் தொடங்குமுன் கயிற்றோரம் நேராக என்னிடம் வந்தான்.

"நானா, எனக்காக நேந்தீங்களாம்ல. அம்மா தெனமும் சொல்லும்."

இனி முடியாது. அவனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். "தம்பி, நீ பொழைக்கணும்னு நான் நேரல. கடைசி ஆட்டத்துல நீ இறங்கக் கூடாதுன்னு நேர்ந்தேன். அதுக்கப்புறம்தான் நீ படுத்த."

அறைவான் என்று நினைத்தேன். அவன் முகமோ மெல்ல மலர்ந்தது.

"நெசமாவா? நான் ஒருத்தன் வரக் கூடாதுன்னு தர்காவுக்கே போனீங்களா?"

"போனேன்."

"ஒரு தேக்சா நெய்ச்சோறா?"

"ஆமா."

"எங்க ஆளுங்ககூட எனக்கு இவ்வளவு மரியாத செஞ்சதில்ல நானா" என்றான். போகிற போக்கில் திரும்பி, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க லா" என்றான்.

முதல் பாதியில் மூச்சு வாங்கினான். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கிருந்தோ பந்தை எடுத்தான். ஒருவனைத் தாண்டி, இன்னொருவனைத் தாண்டி, ஹனீபாவை ஒரு பக்கம் விழவைத்து மறுபக்கம் உருட்டிவிட்டான். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு.

என்ன திமிர்! டிராமில் வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், பழையபடி அவனை எனக்குப் பிடிக்கவில்லை.