பல் தெரியும் படம்

அன்பு மகன் ரோஹெலியோவுக்கு,

உன் அம்மா ஹெர்மினியா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் நலமாக இருக்கிறேன். அந்த ஊர்க் குளிரில் உனக்கு நெஞ்சுச் சளி பிடிக்காமல் இருக்க அன்னை மரியாளை வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் உன் தம்பி எலிசேயோ பெயரை எடுத்தாலே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எலிசேயோவின் ஞானத்தாய் சோய்லாவின் வீட்டுக்காரர் மறுபடி எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடு.

இங்கே மழை இல்லை. நாய்க்குக் கண் மங்கிவிட்டது, இருந்தாலும் கேட்டருகேதான் கிடக்கிறது. எலிசேயோ வேலை பார்த்த கார் கழுவும் கடையை மூடிவிட்டார்கள். அந்த ஆட்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த கடை முதலாளி எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸில் எலிசேயோவைப் பற்றிக் கேட்டால், எங்காவது ஒரு பெண்ணோடு ஓடியிருப்பான் என்று இன்னமும் சொல்கிறார்கள். எந்தப் பெண் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளையைத் தொலைத்த அம்மாக்கள் நாங்கள் எல்லாம் சேர்ந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பருத்திக் காட்டுப் பக்கம் போகிறோம். இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, இழுத்து, நுனியை முகர்ந்து பார்க்கிறோம். மண்ணுக்குள் யாரையாவது புதைத்திருந்தால் நுனியில் வாடை ஏறியிருக்கும். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடிப்பதைத் தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிறேன் என்று என் மூக்கைக் கேலி செய்வீர்களே இரண்டு பேரும், அந்த மூக்குக்கு இப்போது இதுதான் வேலை.

எங்கள் கூட்டத்தில் புதிதாக ஒருத்தி வந்தால் முதலில் கேட்பது அவள் பெயரை அல்ல. "பல் தெரியிற படம் இருக்கா?" என்றுதான் கேட்போம். எலும்பைப் பார்க்கும் டாக்டருக்கு அதுதான் வேண்டும். பாதிப் பேரிடம் இருக்காது. பிள்ளைகள் கேமராவைக் கண்டால் பெரிய ஆம்பிளை மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு நின்றவர்கள்தானே. எனக்கு அந்தக் கவலை இல்லை என்று பெருமையாக இருந்தேன். என் பிள்ளை எந்தப் படத்திலும் வாயை மூடியதே இல்லை.

பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லி நாங்கள் போகும் ஊர்வலத்துக்காக ஒரு படத்தை ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு எடுத்துப் போனேன். பெரிதாக்கியபோது முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. வேறு படம் கொடுத்தேன், அதுவும் அப்படித்தான். இருந்த படங்களையெல்லாம் காட்டினேன். கடைக்காரர் நல்ல மனுஷன், திட்டவில்லை. "இதுக்குள்ள முகமே இல்லம்மா. இல்லாததை மெஷின் எங்கேருந்து கொண்டாரும்?" என்றார். எட்ட நின்று பார்த்தால் எலிசேயோ, கிட்டே போனால் யாருமில்லை. அந்த ஃப்ளெக்ஸைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

நீ கேமரா கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் நினைவிருக்கும். அதில் என்ன எப்படி வைக்க வேண்டும் என்று தெரியாமல், வந்தபடியே வைத்துப் படம் எடுத்தோம். கார்டு உடனே நிரம்பிவிட்டது. பிரவுசிங் சென்டரில் அனுப்பப் பார்த்தால் ஒரு படம் போவதற்குள் பொழுதே போய்விட்டது. அதனால் கார்டையே கழற்றி, அப்போது அங்கே திரும்பிய சோய்லாவின் வீட்டுக்காரரிடமே உனக்குக் கொடுத்தனுப்பினோம். நீ போனில் சிரித்தாய். "இவ்ளோ பெரிய படம் எதுக்கும்மா? என்ன, சுவத்துல போஸ்டரா ஒட்டப்போறோம்? இருக்கறதிலேயே சின்னதா வெச்சுக்கோங்க, ஆயிரம் படம் எடுக்கலாம்" என்றாய். எலிசேயோ அன்றே வேறு கார்டு போட்டு, அளவைச் சின்னதாக மாற்றி வைத்தான். ஆயிரம் படம் எடுத்தோமோ என்னவோ, நிறைய எடுத்தோம். உன் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போஸ்டர் ஒட்டும் காலம் வரும் என்று யார் கண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய பஞ்சாலைக்குப் பின்னால் வறண்ட வாய்க்காலில் ஒரு மேல் தாடை கிடைத்திருக்கிறது. வாலிபப் பையனுடையது என்கிறார் டாக்டரம்மா. முன்பல் ஒன்றின் முனை உடைந்திருக்கிறது. டிஎன்ஏ ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தத்தை எடுத்தார்கள், அதைத் தொலைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள், அது எந்த அலமாரியில் கிடக்கிறதோ. அதனால் அந்தம்மா என்னைக் கூப்பிட்டு, உங்கள் பையனுக்கு எந்தப் பக்கத்துப் பல் உடைந்திருந்தது என்று கேட்டார்.

இடது என்றேன். பக்கத்தில் இருந்த சோய்லா விடவில்லை. "வலதுடி. நான் தூக்கி ஞானஸ்நானம் குடுத்த பிள்ளை, எனக்குத் தெரியாதா?" என்றாள். பெற்றவள் நான் இருக்கும்போது உனக்கென்ன என்று நான் கத்த, அவள் அழ, அங்கேயே பெரிய ரகளையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க எனக்கே இடதா வலதா என்று குழம்பிப் போனது. சோடா பாட்டிலைப் பல்லால் திறக்க நீதானே அவனுக்குப் பழக்கிவிட்டாய், உனக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருந்தாலும் போதாதாம். அவர்களுக்குப் படம் வேண்டும். எங்களிடம் உள்ள படங்களில் பல் வரிசை ஒரு வெள்ளைக் கோடு. அந்தத் தாடையில் எந்தப் பக்கத்துப் பல் உடைந்திருக்கிறது என்று கேட்டால் டாக்டரம்மா சொல்வதில்லை. சொன்னால் நம் ஞாபகமும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுமாம். அந்தம்மா சொல்வது சரிதான். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த முதல் கார்டில் ஒரு படம் இருக்கிறது, மகனே. கேமரா வந்த பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறான். சோள மாவில் தமால் அவித்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு நான்தான் எடுத்தேன். அதற்கு முந்தைய ஈஸ்டருக்கே பல் உடைந்துவிட்டது. அந்தப் படத்தில் எல்லாம் தெரியும்.

கார்டு உன்னிடம் இருந்தால் நல்லது. இல்லை, வேறு படம் ஏற்றுவதற்காக அழித்துவிட்டாய் என்றால் அதையும் சொல். வாயடைத்துப்போய் இருந்துவிடாதே. கார்டு என்னிடம் இருந்திருந்தால் நானும் அழித்துத்தான் இருப்பேன். பேசாமல் இருக்கும் பிள்ளை எனக்கு ஒருவன் போதும்.

இருந்தால், அனுப்புமுன் நீயே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள். தனியாக இருந்து பார்க்காதே. சோய்லாவின் வீட்டுக்காரர் கூட இருக்கட்டும், அதற்காகவும்தான் அவரை உட்காரச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம். ஜெபமாலை சொல்லும்போது இடது என்று வேண்டுவதா வலது என்று வேண்டுவதா எனத் தெரியாமல் விரல் நின்றுவிடுகிறது. இப்படித் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் இப்போது எனக்கு மிச்சம். படம் டாக்டரம்மாவிடம் போகும்வரை அது என்னிடம் இருக்கட்டும்.

கார்டையே பார்சலில் அனுப்பினாலும் சரி, கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினாலும் சரி. எவ்வளவு நேரம் பிடித்தாலும் காத்திரு. நன்றாகச் சாப்பிடு. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், அவன் நெற்றியிலும் போடுவது போலவே.

மகனே, இந்த ஒரு தடவை மட்டும் அவனைச் சின்னதாக்கி அனுப்பாதே.

உன் அம்மா,
ஹெர்மினியா