காற்றாடி பார்க்க வந்தவர்கள்

5 அக்டோபர் 1999

ஆபீஸுக்கு வந்ததும் வராததுமாக மேனேஜர் டான் தன் அறைக்குக் கூப்பிட்டான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் முதலாளி வருகிறாராம். உடுமலைப்பேட்டைப் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்தபடியே அவற்றைக் கண்காணிக்கிற எங்கள் சாஃப்ட்வேரை வாங்க யோசனை. அது ஓடுகிற இடம் மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் இருக்கிறது. நான்தான் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். உன் ஊர்க்காரர்கள்தானே என்றான். ஈரோடும் கோயம்புத்தூரும் இவனுக்கு ஒன்றுதான்.

ஆர்டர் கிடைத்தால் என் கிரீன் கார்டு வேலையை உடனே ஆரம்பிப்பதாகச் சொன்னான். எச்-ஒன் விசா முடிய ஒன்றரை வருஷம்கூட இல்லை. இதை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மத்தியானம் ஃபேக்ஸ் வந்தது. வருகிறவர்கள் வெங்கடாசலம், அவர் மனைவி வசந்தாமணி. காற்றாடி பார்க்க சம்சாரம் எதற்கு?

8 அக்டோபர்

அந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. போன மாசம்தான் அம்மா கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். ‘உன் வேலையப் பத்தி எல்லார்கிட்டயும் சொன்னேன்’ என்று பெருமை வேறு.

அம்மாவை நம்ப முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் கையில் முறுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள் என்றாள். முறுக்கோடு ஒரு மாப்பிள்ளையும் அவன் அத்தையும் வந்து என் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் நைட்டியில் இருந்தேன்.

போன் போட்டுக் கேட்டேன். ‘சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு.’ நான் கேட்டு முடிப்பதற்குள் சத்தியம்! கன்னாபின்னாவென்று கத்திவிட்டு வைத்தேன்.

13 அக்டோபர்

ஏர்போர்ட் போய் அழைத்துவந்தேன். அவர் சஃபாரி சூட், பேச்சே இல்லை. அந்தம்மா காட்டன் புடவை, வைர மூக்குத்தி. என்னை உச்சி முதல் பாதம் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். முதல் கேள்வியே, ‘ஈரோட்ல எங்கீங் அம்மணி?’

சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்றாள். ரிட்டயர்ட் ஆகிவிட்டார் என்றேன். புருஷன் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள். நான் காரின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

14 அக்டோபர்

நாள் முழுக்க டிரைவிங். அபிலீன் தாண்டியதும் ஊரே இல்லை. முள்ளுப்புதர், செம்மண், நடுநடுவே தலையாட்டுகிற எண்ணெய்ப் பம்புகள். இவர்கள் வெளியே எங்கே பார்த்தார்கள்? என்னைத்தான் பார்த்தார்கள்.

எவ்வளவு சம்பளம்? ஒண்டியாகவா இருக்கிறேன்? ஊருக்குத் திரும்புகிற எண்ணம் உண்டா? சீக்கிரம் கோபம் வருமா? ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி, நான் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சஞ்சாதத்தைக் கொடுத்தேன். (இந்த வனாந்தரத்தில் சைவச் சாப்பாட்டுக்கு எங்கே போவது?) ‘நீங்களே செஞ்சதுங்களா?’ என்றாள் அந்தம்மா. இல்லை, கடையில் வாங்கினேன் என்று புளுகினேன்.

ஏறி உட்கார்ந்ததும் என் நட்சத்திரம் என்ன என்று கேட்டாள். நட்சத்திரம்! சாஃப்ட்வேர் வாங்க வந்தவளுக்கு என் நட்சத்திரம் எதற்கு? தெரியாது என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

அம்மா, நீ என் கையில் மட்டும் கிடைத்தால்.

15 அக்டோபர்

பாலைவனக் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. வாயெல்லாம் மண். ஷெட்டுக்குள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் காட்டினேன். எந்தக் காற்றாடி நின்றது, ஏன் நின்றது, இங்கிருந்தே எப்படித் திரும்ப ஓட வைப்பது. நன்றாகத்தான் செய்தேன். அந்தம்மாகூடக் கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள்தான். என் புத்தியை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் சைட் மேனேஜரோடு நடந்து போனார். அந்தம்மா என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டாள். வந்துவிட்டதடா விஷயம்! ‘ஒரு விஷயம் மனசுவிட்டுச் சொல்லோணும் அம்மணி. உங்கள நம்பி இறங்கினா, அஞ்சாறு வருஷம் நிலையா இருப்பீங்களா?’

அஞ்சாறு வருஷமா? இவள் மகனோடா? அடக்கிவைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

‘இருக்க மாட்டேங்க. கிரீன் கார்டு கைக்கு வந்த மறுநாளே இந்தக் கம்பெனிய விட்டுட்டு வேற ஊருக்குப் போயிருவேன். யாரோடயும் எனக்கு ஒத்துப்போகாது. கோபம் வந்தா பாதியில போட்டுட்டுப் போறவ நான்.’

அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது. ‘நேராச் சொன்னீங்களே, சந்தோசம்’ என்றாள். எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

16 அக்டோபர்

திரும்பி வரும்போது காரில் ஒரு கேள்வி கிடையாது. தொலைந்தது சனியன்.

26 அக்டோபர்

ஆர்டர் வந்துவிட்டது. டான் கேக் வெட்டினான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு அறைக்கு வரச் சொன்னான்.

புராஜெக்டை ஜம்புநாதன் பார்த்துக்கொள்வானாம். என் பக்கத்து சீட்டில் இருக்கிறவன், சேர்ந்து ஆறு மாசம் ஆகிறது. வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்டார்களாம். என்னை வேண்டாம் என்று எழுதியது யார் என்று கேட்டேன். மேனேஜிங் பார்ட்னர் என்றான். பெயரைப் படித்தான். வசந்தாமணி.

‘கிரீன் கார்டு வந்த மறுநாளே போய்விடுவேன் என்று சொன்னாயா?’ என்றான் டான். ஆமாம் என்றேன். அப்படியானால் உனக்காக ஃபைல் செய்வதில் அர்த்தமில்லையே என்றான். கோபமே படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அழுதிருக்கலாம்.

27 அக்டோபர்

கோயம்புத்தூரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போன் போட்டேன். அந்தம்மாவே எடுத்தார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பெண் பார்க்க வந்தீர்கள் என்று நினைத்துவிட்டேன், அதனால்தான் அப்படியெல்லாம் பேசினேன் என்று.

‘எனக்குப் பையனே இல்லீங் அம்மணி. ஒரே பொண்ணு’ என்றார். ‘இங்க பகல்ல காத்தாடி நின்னா, அங்க நடுராத்திரியில எங்க ஆளுக உங்களைத்தான் எழுப்புவாங்க. அதான் கோபம் வருமான்னு கேட்டேன். கையெழுத்துக்கு முன்னால மருதமலைல உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணலாம்னுதான் நட்சத்திரம் கேட்டேன்.’

இப்போது மாற்ற முடியாதா என்று கேட்டேன்.

‘கையெழுத்தாயிப் போச்சுங்களே’ என்றார். பிறகு மெதுவாக, ‘நீங்களே ஒரு எஞ்சினீயர். மில்லு என்னோடதா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?’

இல்லை. ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதுதான் தாங்கவில்லை.

28 அக்டோபர்

மன்னிப்புக் கேட்க அம்மாவைக் கூப்பிட்டேன். ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

15 டிசம்பர்

பழைய புரோகிராம்களில் 2000-க்காகத் தேதி திருத்துகிற வேலையில் போட்டிருக்கிறார்கள். ஜனவரிக்குப் பிறகு இதுவும் இருக்காது. ஜம்புநாதன் சந்தேகம் கேட்டு வருகிறான். சொல்லிக் கொடுக்கிறேன். அவன்மேல் என்ன தப்பு?

11 பிப்ரவரி 2000

மில்பிடாஸ் என்கிற ஊரில் இன்டர்வியூ. கிரீன் கார்டுக்கு உடனே ஃபைல் செய்கிற கம்பெனி என்று கேள்வி. மேனேஜர் திருமூர்த்தி, திருப்பூர்க்காரர். டெக்னிக்கல் கேள்விகள் முடிந்ததும் தமிழில் ஆரம்பித்தார். சொந்த ஊர், அப்பா, கல்யாணம் எப்போது, பொறுமை உண்டா, எல்லாரோடும் அனுசரித்துப் போவேனா. ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். சமைப்பேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

எத்தனை வருஷம் இருப்பீங்க என்றார்.

‘நீங்க சொல்ற வரைக்கும் இருக்கேனுங்க.’

பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வாசல் வரைக்கும் கூட வந்தார். கலந்து பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்றார்.